ஜூரி அறை – 6: 145 கேள்விகள், 12 கேள்விகள்

"நீங்கள் நடுநிலையோடு இருப்பீர்களா?" ஜூரித் தேர்வில் அமெரிக்க வக்கீல்கள் சலிக்காமல் கேட்கும் இந்தக் கேள்வியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மேடையில் நீதிபதி, சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள்; அங்கே எழுந்து நின்று 'மாட்டேன்' என்று யார் சொல்வார்? தேர்ந்த வக்கீல், "போலீஸோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்லுங்களேன்" என்பார். பிறகு குறுக்கே பேசாமல் கேட்பார். ஒருவர் தன் மனச்சாய்வை ஒப்புக்கொண்டால் வாதாடாமல் நன்றி சொல்லி, "வேறு யாருக்கெல்லாம் அப்படித் தோன்றுகிறது?" என்று அடுத்த வரிசையைப் பார்ப்பார். தயங்கித் தயங்கிச் சில கைகள் உயரும்.

அதைவிட முக்கியம், யாரைக் கேட்கிறோம், யாரைக் கேட்காமல் விடுகிறோம் என்பது. கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் வழக்கைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

மிசிசிப்பி மாநிலத்து வினோனா, சுமார் 5,000 பேர் வாழும் ஊர். 1996 ஜூலையில் அங்கே ஒரு ஃபர்னிச்சர் கடையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கடையில் கொஞ்சநாள் வேலைபார்த்த கறுப்பினத்தவர் ஃபிளவர்ஸ்மீது வழக்கு. ஒரே அரசு வக்கீல் அவரை ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். 2010-இல் நடந்த ஆறாவதில், ஜூரித் தேர்வின்போது நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு கேட்டவை 145 கேள்விகள். ஜூரியில் அமர்ந்த 11 வெள்ளையரிடம், எல்லோருக்கும் சேர்த்தே 12.

அவ்வளவு சின்ன ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது? சாட்சிகள் பலரைத் தெரியும், ஃபிளவர்ஸின் அப்பாவோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தவர் என்றெல்லாம் சொல்லி ஒரு கறுப்பினப் பெண்ணை நீக்கினார்கள். உள்ளூர் பேங்கில் வேலைபார்த்து ஃபிளவர்ஸ் குடும்பத்தாரோடு பழகிய வெள்ளையர்களிடம் அதைப்பற்றித் தனியாக ஒரு கேள்விகூட இல்லை.

இனத்துக்காக ஜூரரை நீக்கக்கூடாது என்று பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. ஆகவே வேறு காரணம் வேண்டும். துருவினால் யாரிடமும் ஏதாவது அகப்படும். துருவாமல் விட்டால் எதுவும் அகப்படாது. 2019-இல் 7-க்கு 2 என்ற கணக்கில் தண்டனையை ரத்துசெய்த உச்ச நீதிமன்றம் இந்தச் சூட்சுமத்தைத் தெளிவாகவே சுட்டிக்காட்டியது. 2020-இல் வழக்கே கைவிடப்பட்டது. அதற்குள் ஃபிளவர்ஸ் சிறையில் கழித்தது ஏறத்தாழ 23 வருடம்.

நீதிபதிகளால் கேள்விகளை எண்ண முடிந்ததற்கு, ஒவ்வொன்றும் பதிவில் இருந்ததே காரணம். ஐந்தாவது விசாரணையில் ஜூரித் தேர்வுக்கு வந்தவர்களின் இன விவரம் கிடைக்கவில்லை. அதை வைத்து எதுவும் நிரூபிக்க வழியில்லாமல் போனது. அதனால் எதிர்த்தரப்பு வக்கீல் தன் ஜூனியரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும்: யாரிடம் எத்தனை கேள்வி, என்ன பதில், அவர் எந்த இனத்தவர். இன விவரத்தை நீதிபதி முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பதிவில் ஏற்ற வேண்டும். ஆட்சேபத்தை ஜூரி சத்தியப்பிரமாணம் எடுப்பதற்கு முன்பே எழுப்பிவிட வேண்டும்.

(தொடரும்)