சுவர்க்கோழிக்கு முருங்கைக்கீரை விருந்து

"உள்ளார வாங்க, ஆனா கதவைச் சட்டுனு சாத்தீருங்க! ஒண்ணு தப்பிச்சாலும் அம்மா ராத்திரி தூங்க மாட்டாங்க."

வடவள்ளியில் ஒரு வீட்டின் பின்கட்டு அறை இது. இந்த வீட்டு ஹாலில் விளக்கடியில் குளிர்காயும் பியர்டட் டிராகனை வருகிறவர்கள் எல்லாரும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துக்காரர், நம்ம ஓணானுக்குச் சொந்தம். (உடும்பு, நட்சத்திர ஆமை மாதிரி நம் மண்ணின் உயிர்களை வீட்டில் அடைத்துவைக்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விடாது, விடவும் கூடாது.) டிராகனுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். உடனே இந்த அறைக்குக் கூட்டி வந்துவிட்டார் அதை வளர்க்கும் தம்பி!

காதடைக்கிற ரீங்காரம். பாடுவதெல்லாம் ஆண் சுவர்க்கோழிகள், இறக்கையோடு இறக்கையை உரசி. சாயம் போன பிளாஸ்டிக் பெட்டிகள், கிழிந்த மாவுப் பை, தரையெல்லாம் தவிட்டுத் தூள். மூடியை வெட்டி இரும்புக் கம்பிவலை ஒட்டியிருக்கிறார். நைலான் வலை போட்டால் கடித்து ஓட்டை போட்டுவிடுமாம். ஒரு பெட்டியைத் திறக்கிறார். நாமக்கல் முட்டை வந்த அதே அட்டைகள், நிமிர்த்தி அடுக்கியபடி! ஒரு அட்டையைத் தூக்கி உதறியதும் நூற்றுக்கணக்கில் தெறித்து ஓடுகின்றன. நமக்குக் கத்தல், தம்பிக்குச் சிரிப்பு.

மூலையில் ஒரு ஸ்வீட் டப்பா, உள்ளே ஈரமான தென்னைநார்த் தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் குவிந்து கிடக்குமே, அதேதான். பெண் சுவர்க்கோழி வாலருகே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியை அதற்குள் குத்திக் குத்தி முட்டையிடுகிறது. 30 டிகிரி சூடு இருந்தால் இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள். எறும்பைவிடச் சின்னது. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் மூழ்கிச் செத்துவிடும் என்று நனைத்த ஸ்பாஞ்சு வைத்திருக்கிறார். மார்கழிக் குளிரில் பல்பு போட்டுச் சூடேற்றுவாராம். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, "இப்ப மட்டும் குளுகுளுன்னா இருக்குதுங்க?" என்கிறார்.

நமக்கு மிகவும் பிடித்துப்போனது அடுத்த காட்சி. அம்மா ஒரு கொத்து முருங்கைக்கீரையோடு உள்ளே வருகிறார். பூச்சிகளுக்கு! சுவர்க்கோழி உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதை அப்படியே போட்டுக்கொண்டே இருந்தால் டிராகனின் எலும்பு வளைந்துவிடும். அதனால் போடுவதற்கு முந்தின நாள் அவற்றுக்குக் கீரையும் பூசணியும் வயிறு முட்ட. போடும்போது கால்சியம் தூளில் ஒரு குலுக்கு. பூச்சி நன்றாகச் சாப்பிட்டால்தான் டிராகன் நன்றாக இருக்கும் என்பது இந்த அறையின் சட்டம். கடையில் பட்டினி கிடந்து வாடிய பூச்சிகளை வாங்கி அன்றே போடுகிறவர்கள் ஒருமுறையாவது இங்கே வந்து பார்க்க வேண்டும்.

"ஏனுங்க, பிரிட்ஜப் பாத்தீங்களா?" என்று அம்மா முறையிடுகிறார். கதவுத் தட்டில் சட்னிக்குப் பக்கத்தில் டிராகனுக்கான மீல்வார்ம் புழு டப்பா. குளிரில் புழு வளர்ச்சி மந்தமாகும், சீக்கிரம் வண்டாக மாறாது. விருந்தாளி ஒருவர் ஓமப்பொடி என்று அதைத் திறந்த கதையைச் சொன்னதும் வீடே சிரிப்பில் குலுங்குகிறது.

தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போட்டால் ஆகாதா? தம்பியின் முகம் மாறுகிறது. மருந்தடித்த செடியிலிருந்து வந்திருக்கலாம். மின்மினிப் பூச்சி என்றால் ஒன்றே டிராகனைக் கொன்றுவிடும்.

சரி, பந்தி நேரம். டிராகனின் இரு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி போடக்கூடாது என்பது கணக்கு. தம்பி ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். கால்சியம் பூசி வெள்ளை வெளேரென்று நாலு சுவர்க்கோழிகள் தொட்டிக்குள் விழுகின்றன. தலை சாய்கிறது, நாக்கு நீள்கிறது, நறுக்!

பெட்டியடியில் சேரும் எச்சத்தூளுக்கும் ஆள் இருக்கிறது. மொட்டைமாடிக் கறிவேப்பிலைக்கு அம்மா அள்ளிக்கொண்டு போகிறார். "பூச்சி வேண்டாம்னு சொல்றனுங்க, எருவு வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"