வேலை போச்சா... ராஜினாமா லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அமெரிக்காவில் இருக்கும் கஸினுக்கு வேலை போனால், அடுத்த வாரமே 'அன்எம்ப்ளாய்மென்ட்டுக்கு அப்ளை பண்ணிட்டேன்'னு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வந்துடும். வேற வேலை கிடைக்கிற வரைக்கும் கொஞ்ச நாளுக்கு ஒரு தொகை வரும். கிளெய்மை நிராகரிச்சா அப்பீல் பண்ணலாம். அங்கே அது சாதாரண விஷயம்.

நமக்கு வேலை போனா? 'நம்ம ஊர்ல அதெல்லாம் ஏது!'ன்னு சொல்லிட்டு லிங்க்டுஇன்னைத் திறப்போம். ஆனா இங்கேயும் இருக்கு. ஒண்ணு மாநில அரசு தருவது, இன்னொண்ணு இ.எஸ்.ஐ. தருவது. ரெண்டும் வேற வேற கதை, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்கதான் அதிகம். 'எனக்குக் கிடையாது'ன்னு தெரியாமலேயே முடிவு பண்ணிடறவங்க அதைவிட அதிகம்.

முதல்ல மாநில அரசுத் திட்டம். படித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வேலை கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை. 2006 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் இதுவும் ஒன்று. ஆட்சிக்கு வந்ததும் அந்த வருஷமே ஆரம்பித்தார்கள். அப்போதைய முதல்வர் கருணாநிதி கோபாலபுரத்துக்காரர் என்பதால், இதை 'நம்ம ஏரியா திட்டம்'னு பெருமையா சொல்லிக்கலாம். தொகையைக் கேட்கும்வரை!

10-ம் வகுப்பு ஃபெயிலானவருக்கு மாசம் 200 ரூபாய், பாஸானவருக்கு 300, ப்ளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. நம்ம மாநகரப் பேருந்தில் மாசம் முழுக்க இஷ்டம்போல சுற்ற வாங்கும் பாஸ் 1,000 ரூபாய். அதாவது, வேலை தேடி அலையும் பட்டதாரி ஆணுக்கு அரசு தரும் பணத்தில் அரசு பஸ் பாஸே வாங்க முடியாது. பெண்களுக்கு சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பதால் அவங்க தப்பிச்சாங்க.

இந்தத் தொகை அதிகபட்சம் 3 வருஷம் கிடைக்கும். பட்டதாரிக்கு மொத்தமா கூட்டிப் பார்த்தா 21,600 ரூபாய். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

யாருக்குக் கிடைக்கும்? கல்வித்தகுதியை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருஷம் முடிந்திருக்கணும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. வயது 40-க்குள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45-க்குள். வேற எங்கேயும் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, ரெகுலர் காலேஜில் படிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரி தொழிற்படிப்பு முடித்தவங்களுக்குக் கிடையாது. பி.இ. முடிச்சுட்டு சும்மா இருக்கிற நண்பர்கள் இந்த வரியோட விலகிக்கலாம்.

72,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாசம் 6,000. ஒரு குடும்பமே அதற்குள் வாழணும். கோபாலபுரத்தில் அந்தப் பணத்துக்கு வீடு வேண்டாம், ஒரு ரூம் கிடைக்குமா? மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு எங்கே போனாலும் இதே கேள்விதான். வருமான வரம்பைத் தாண்டாத குடும்பம் சென்னையின் இந்தப் பக்கம் இருக்கவே செய்யுது. குடிசை மாற்று வாரிய வீடுகளில், கால்வாய்க்கரைகளில். ஆனா வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தோடு அப்பாவின் ஆட்டோ வருமானம் சேர்ந்தாலே கணக்கு உதைக்கும். இந்த வரம்பை உயர்த்தாமல், தொகையை மட்டும் உயர்த்திப் பேசுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் தனி. பதிந்து 1 வருஷம் ஆகியிருந்தா போதும், வருமான வரம்பு கிடையாது. 10-ம் வகுப்பு வரைக்கும் 600, ப்ளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய், 10 வருஷம் வரைக்கும். வீட்டில், தெருவில் அப்படி யாராவது இருந்தா அவசியம் சொல்லுங்க. நிஜமாகவே பயன்படக்கூடிய பகுதி இதுதான்.

விண்ணப்பப் படிவம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசம், துறையின் இணையதளத்திலும் டவுன்லோடு பண்ணலாம். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், வேலைவாய்ப்புப் பதிவு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாத்தையும் ஒரிஜினலோட எடுத்துட்டுப் போங்க. பணம் மாசாமாசம் வராது. மூணு மாசத்துக்கு ஒருமுறை மொத்தமா வங்கிக் கணக்குக்கு வரும். 'ரெண்டு மாசமா வரலையே'ன்னு பதறுவதற்கு முன் காலாண்டு முடிஞ்சுதான்னு பாருங்க.

பணம் உண்மையிலேயே நின்று போவது பெரும்பாலும் ரெண்டு மறதிகளால். ஒண்ணு, வருஷத்துக்கு ஒருமுறை 'நான் இன்னும் வேலையில்லாமதான் இருக்கேன்'னு தர வேண்டிய சுய உறுதிமொழிப் படிவம். அதைக் கொடுக்கலைன்னா நிறுத்திடுவாங்க. இன்னொண்ணு, 3 வருஷத்துக்கு ஒருமுறை பண்ண வேண்டிய பதிவுப் புதுப்பித்தல். இதைத் தவறவிட்டா உதவித்தொகை மட்டுமில்ல, பதிவு மூப்பே போயிடும், 5 வருஷக் காத்திருப்பு முதல்லேர்ந்து ஆரம்பம். புதுப்பிக்க மறந்தவங்களுக்கு அரசு அப்பப்போ சலுகை அறிவிக்கும்தான், ஆனா அதை நம்பிக்கிட்டு இருக்க முடியாது. போன்லயே ஆன்லைனில் புதுப்பிக்கலாம். இப்பவே காலண்டர்ல ரிமைண்டர் போட்டு வைங்க.

நிறைய பேருக்கு இருக்கும் ஒரு பயம்: 'உதவித்தொகை வாங்கினா சீனியாரிட்டி போயிடுமா, இன்டர்வியூவுக்குக் கூப்பிட மாட்டாங்களா?' அப்படியெல்லாம் இல்லை. உதவித்தொகை வாங்கும் காலத்திலும் பதிவு நடப்பில் இருக்கும், பரிந்துரையும் உண்டு.

90 நாள் பணம்... தெரியாமப் போகும் உரிமை!

மாநிலத் திட்டத்துக்கு நீங்க ஒருநாள்கூட வேலை பார்த்திருக்கத் தேவையில்லை. வேலை போனவங்களுக்கான நிஜமான நிவாரணம் இருப்பது இ.எஸ்.ஐ.யில்.

கிளினிக் ரிசப்ஷன், துணிக்கடை கவுன்ட்டர், கால் சென்டர், கூரியர் ஆபீஸ், பியூட்டி பார்லர்... 10 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம், சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்க பெரும்பாலும் இ.எஸ்.ஐ.க்குள் இருப்பீங்க. சம்பளச் சீட்டைப் பாருங்க. 0.75 சதவிகிதம் பிடிச்சிருப்பாங்க, கம்பெனி தன் பங்கா 3.25 சதவிகிதம் கட்டும். 18,000 சம்பளம்னா உங்க பாக்கெட்டிலிருந்து மாசம் 135 ரூபாய். 'காய்ச்சல்னா பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம், இது எதுக்கு வெட்டியா பிடிக்கிறாங்க?'ன்னு திட்டிக்கிட்டே நகர்ந்திருப்போம். அந்த 135 ரூபாய்தான் இப்போ கைகொடுக்கும்.

திட்டத்தின் பேர் 'அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா'. பேரைப் பார்த்து மிரள வேண்டாம், காப்பீடு செய்துகொண்டவர் நலத்திட்டம்னு அர்த்தம். 2018 ஜூலையில் ரெண்டு வருஷச் சோதனை முயற்சியா ஆரம்பிச்சது. அப்போ சம்பளத்தில் 25 சதவிகிதம்தான், அதுவும் வேலை போய் 90 நாள் கழிச்சு, முதலாளி வழியா அனுப்பணும். வேலையை விட்டுத் தூக்கினவர்கிட்டயே போய் கையெழுத்து கேட்கிற கொடுமை! கொரோனா வந்து லட்சக்கணக்கான பேர் வேலை இழந்தபோதுதான், 2020-ல், விதிகளைத் தளர்த்தினாங்க. 50 சதவிகிதமா உயர்த்தினாங்க. 30 நாள் ஆனதும் கிளெய்ம் பண்ணலாம். முதலாளி கையெழுத்துக்காக அலைய வேண்டாம், நேரடியா இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கே கொடுக்கலாம். அதுக்கப்புறம் திட்டத்தை அவ்வப்போது நீட்டிச்சுக்கிட்டே வர்றாங்க. நிரந்தரமா ஆக்காம இப்படித் தவணை முறையில் நீட்டிப்பது ஏன்னு புரியலை. அதனால, அப்ளை பண்ணும் முன்னாடி நீங்க வேலை இழந்த தேதி நீட்டிப்புக்குள் வருதான்னு 1800112526 என்ற இலவச எண்ணில் கேட்டுக்கோங்க.

தகுதி இதுதான்: வேலை போவதற்கு முன் குறைஞ்சது 2 வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்கணும். இ.எஸ்.ஐ. கணக்கில் ஏப்ரல் - செப்டம்பர் ஒரு பருவம், அக்டோபர் - மார்ச் ஒரு பருவம். வேலை போனதற்கு முந்தைய பருவத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூணு பருவங்களில் ஏதாவது ஒண்ணில் 78 நாள் பங்களிப்பு இருக்கணும். வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்குத்தான் கிடைக்கும்.

எவ்வளவு வரும்? நாலு பருவத்தில் வாங்கின மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுக்கணும். மாசம் 18,000 வாங்கினவருக்கு ரெண்டு வருஷத்தில் 4,32,000. ஒரு நாளைக்கு சுமார் 592. அதில் பாதி 296. 90 நாளுக்கு ஏறக்குறைய 26,600 ரூபாய். மாநில அரசு ஒரு பட்டதாரிக்கு 3 வருஷத்தில் தரும் 21,600-ஐ விட, மூணு மாசத்தில் வரும் இந்தத் தொகை அதிகம். ஆனா இதைப் பத்தி எந்த ஹெச்.ஆரும் எக்ஸிட் இன்டர்வியூவில் வாயைத் திறப்பதில்லை.

ஃபேக்டரியே மூடிட்டாங்க, சட்டப்படி ஆட்குறைப்பு பண்ணிட்டாங்கன்னா இன்னொரு பழைய திட்டம் இருக்கு. 2005-லேர்ந்து நடக்கும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. முதல் 12 மாசம் சராசரிச் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாசம் கால் பங்கு, கூடவே அந்தக் காலத்துக்கு மருத்துவ வசதி. ஷோரூம், கிளினிக் ஊழியர்களைவிட ஆலைத் தொழிலாளர்களுக்கே இது அதிகம் பொருந்தும். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் சொந்தக்காரங்களுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க.

'நீங்களே ரிசைன் பண்ணிடுங்க' என்கிற வலை

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம். தானா வேலையை விட்டவங்களுக்கு இ.எஸ்.ஐ. நிவாரணம் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவங்களுக்கும் கிடையாது. நம்ம கம்பெனிகளோ ஆளைக் குறைக்கும்போது 'டெர்மினேஷன்'னு எழுதித் தருவதே அபூர்வம். ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, 'உங்க கரியருக்கு நல்லது, நீங்களே பேப்பர் போட்டுடுங்க. ரிலீவிங் லெட்டர் கிளீனா தர்றோம்'னு அன்பா சொல்வாங்க. 24 வயசில், முதல் வேலையில், அந்த ரூமில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வேற வழி தெரியாது. கையெழுத்து போட்டுட்டு வந்துடுவார். அந்த ஒரு கையெழுத்தில் 26,000 ரூபாய் போச்சு.

கம்பெனி ஒவ்வொரு மாசமும் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஊழியர் கணக்கைப் பதியும்போது, ஒருத்தர் அந்த மாசம் வேலைக்கு வரலைன்னா காரணமும் குறிக்கணும். 'வேலையை விட்டார்' என்பதற்கு ஒரு குறியீடு, 'ஆட்குறைப்பு' என்பதற்கு வேறொரு குறியீடு. உங்க ரெக்கார்டில் எது விழுதுங்கறதுதான் பின்னாடி பிரச்னை ஆகும்.

அதனால, அன்னிக்கே கையெழுத்து போடணும்னு எந்தச் சட்டமும் இல்லை. 'யோசிச்சுட்டு மெயில் பண்றேன்'னு சொல்லிட்டு எழுந்து வாங்க. வீட்டுக்கு வந்து நிதானமா ஒரு மெயில் போடுங்க: 'இன்று நடந்த சந்திப்பில், ஆட்குறைப்பு காரணமாக என் பணி முடிவுக்கு வருவதாகத் தெரிவித்தீர்கள். அதை எழுத்துபூர்வமாகத் தரக் கேட்டுக்கொள்கிறேன்.' சண்டை போடும் தொனி வேண்டாம். பதில் வரலைன்னாலும் உங்க மெயில் தேதியோட இருக்கும். ராஜினாமா கொடுத்தே ஆகணும்கற நிலைமைன்னா, கடிதத்தில் 'நிர்வாகத்தின் ஆட்குறைப்பு முடிவைத் தொடர்ந்து' என்ற வரியையாவது சேருங்க. 'சொந்தக் காரணங்களுக்காக'ன்னு மட்டும் எழுதாதீங்க. கம்பெனி மெயில், டீம் குரூப் மெசேஜ், சம்பளச் சீட்டு எல்லாத்தையும் லாகின் முடக்கப்படும் முன்னாடி சேவ் பண்ணிடுங்க.

இன்னொண்ணையும் அன்னிக்கே செக் பண்ணுங்க. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்க 10 இலக்க காப்பீட்டு எண்ணைப் போட்டு உள்ளே போனா, மாசாமாசம் பங்களிப்பு ஏறியிருக்கான்னு தெரியும். சம்பளத்தில் பிடிச்சுட்டு இ.எஸ்.ஐ.க்குக் கட்டாத முதலாளிகளும் இருக்காங்க. ஆதார், வங்கிக் கணக்கு விவரம் சரியா இணைஞ்சிருக்கான்னும் பாருங்க. பேரில் ஒரு இனிஷியல் மாறியிருந்தாலே கிளெய்ம் தொங்கும்.

21,000-க்கு மேல சம்பளம் வாங்கும் ஐ.டி. நண்பர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பி.எஃப். பணம் இருக்கு, ஆனா அது உங்க சேமிப்பு, உதவித்தொகை இல்லை. ஸ்விக்கி, ஸொமேட்டோ ஓட்டுறவங்களும் இ.எஸ்.ஐ.க்கு வெளியேதான். அவங்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கு, பதிவு பண்ணி வைங்க.

நிராகரிச்சுட்டாங்களா?

'சார் இல்லை', 'அடுத்த வாரம் வாங்க', 'உங்களுக்கு எலிஜிபிலிட்டி இல்லைங்க'... வாயால் சொல்ற எதுவும் நிராகரிப்பு இல்லை. மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்க. நிராகரிச்சா காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்க. காரணம் கையில் இருந்தாத்தான் அடுத்த படி ஏற முடியும். பங்களிப்பு நாள் குறைவுன்னா சம்பளச் சீட்டு, காரணக் குறியீடு தப்புன்னா அந்த மெயில்னு, சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் கொடுங்க. மூணு பக்கம் சோகக் கதை எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க.

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நகரலைன்னா, கோபாலபுரத்துக்காரங்களுக்கு மண்டல அலுவலகமே பக்கத்தில்தான், நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டில். மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளத்திலும் புகார் பதியலாம். அந்தப் பதிவு எண் வந்ததும் ஃபைல் நகர ஆரம்பிப்பது தனி மாயம். முதலாளி பங்களிப்பு கட்டலை, கட்டினதை இ.எஸ்.ஐ. ஏத்துக்கலை மாதிரி தகராறுன்னா, அதுக்குன்னே ஊழியர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கு.

மாநில உதவித்தொகை விஷயத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் பதில் தரலைன்னா, கிண்டி ஆலந்தூர் ரோட்டில் இருக்கும் துறைத் தலைமை அலுவலகத்துக்கு மேல்முறையீடா எழுதலாம். முதல்வரின் முகவரி, 1100. இல்லைன்னா ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள்.

எதுவும் வேலைக்கு ஆகலைன்னா தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம். 'என் மனு எந்தத் தேதியில், யார் மேஜையில், என்ன நிலையில் இருக்கிறது?' இந்த ஒரே கேள்வி போதும். 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுக்கும் பலன் இல்லைன்னா 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு.

வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு யோசிக்கிறீங்களா? பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிலாளர்கள் - இவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலேயே இலவச சட்ட உதவி தரணும்னு 1987-ம் வருஷச் சட்டம் சொல்லுது. அதுக்கான எண் 15100.