கரும்பால் ஓடும் கார்

1973-ஆம் ஆண்டில் உலகெங்கும் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தது. எண்ணெயின் பெரும்பகுதியைப் பிறநாடுகளிலிருந்து வாங்கிவந்த பிரேசில் பெரிதும் இன்னலுற்றது. ஆனால், அந்நாட்டில் கரும்புக்குக் குறைவில்லை. ஆகவே, கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் எத்தனால் என்னும் எரிசாராயத்தைக் கார்களுக்குப் பயன்படுத்தும் திட்டத்தை அவ்வரசு 1975-இல் தொடங்கிற்று. 1979-இல் எரிசாராயத்தாலேயே ஓடும் கார்களும் விற்பனைக்கு வந்தன.

ஆயினும், ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே ஒரு லிட்டர் எரிசாராயம் தரும். அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் முன்னரே சேர்ந்திருப்பதே காரணம். அதனைப் பாதி எரிந்த விறகுக்கு ஒப்பிடலாம். பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எரிசாராயம் கலந்தால், கார் ஓடும் தொலைவு நூற்றுக்கு மூன்று பங்கே குறையும். இதனை ஓட்டுநர் உணர்வதும் அரிது. கலப்பு மிகுந்தால் இழப்பும் மிகும். எனினும், பெட்ரோலைவிட மிகுதியாக அழுத்தினும் எரிசாராயம் எஞ்சினுள் எளிதில் முன்கூட்டி வெடிப்பதில்லை. ஆதலின், மிகுந்த அழுத்தத்துக்கென்றே அமைத்த எஞ்சின் இழப்பில் ஒரு பகுதியை மீட்டுத் தரும்.

1989-ஆம் ஆண்டளவில் எரிசாராயத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அதனை மட்டுமே நம்பிய கார்க்காரர்கள் செய்வதறியாது திகைத்தனர். 2003-இல் இரண்டு எரிபொருள்களையும் எவ்வளவு கலந்தாலும் ஏற்கும் கார்கள் வந்த பின்னரே அவ்வச்சம் நீங்கிற்று.

இன்று பிரேசில் ஓட்டுநர் நிலையத்தில் நின்றவாறே கணக்கிடுகிறார். எரிசாராயத்தின் விலை பெட்ரோல் விலையில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறைந்தால்தான் அவருக்கு ஆதாயம். பெட்ரோல் லிட்டர் 6 ரெயாலுக்கு விற்கும்பொழுது எரிசாராயம் 4.20 ரெயாலைத் தாண்டினால், அவர் பெட்ரோலையே நிரப்பிக்கொள்வார்.