பழைய கைத்துப்பாக்கி: விலை மலிவு, விளைவு பெரிது

பழைய பொருள் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. தபால்தலை, நாணயம், கைக்கடிகாரம், இசைத்தட்டு என்று சேர்க்கிறவர்கள் பேராக்கில் நிறைய பேர். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலை பாசார் காராட் பக்கம் போனால், பத்து இருபது வெள்ளிக்கே பாட்டன் காலத்துப் பொருள் ஒன்று கைக்கு வந்துவிடும்.

இந்த ஆர்வம் சிலரை இன்னொரு பக்கமும் இழுக்கிறது. இன்று தயாரிப்பில் இல்லாத பழைய கைத்துப்பாக்கிகளை அமெரிக்கர்கள் மேசையில் அடுக்கிக் காட்டும் படங்களை இணையத்தில் பார்க்கிறார்கள். "அப்படி ஒன்றும் விலை அதிகமில்லையே, நாமும் ஒன்று வைத்துக்கொண்டால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது. விலையை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் மலேசியாவில் இதற்குக் கொடுக்க வேண்டியது பணம் மட்டுமல்ல.

அரைத் தானியங்கி என்றால் என்ன?

கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தோட்டாக்களை உருளைக்குள் வைத்துச் சுழலும் ரிவால்வர். மற்றொன்று அரைத் தானியங்கி. இதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் ஒரு பெட்டியில் இருக்கும். சுட்டதும் அந்த வெடிப்பின் விசையே மேற்பகுதியைப் பின்னால் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தினால்தான் சுடும். அதனால்தான் 'அரை'த் தானியங்கி என்கிறார்கள்.

இவற்றில் புகழ்பெற்றது பெல்ஜியத்தின் பிரவுனிங் ஹை-பவர். 1935-இல் வந்தது. பிரிட்டிஷ் இராணுவம் 1954 முதல் பயன்படுத்தி, 2013-இல் கைவிட்டது. அந்தப் பழைய வடிவத்தின் தயாரிப்பு சில ஆண்டுகளுக்குப் பின் நின்றது. ஜப்பானிய அதிகாரிகளின் இடுப்பில் இருந்த நம்பு 14 வகை 1945-இல் போரோடு முடிந்தது. ஸ்பெயினின் ஸ்டார் நிறுவனம் 1997-இல் மூடப்பட்டது.

அங்கே எப்படி மலிவாகிறது?

ஓர் இராணுவமோ போலீஸ் படையோ புதிய துப்பாக்கிக்கு மாறினால், பழையவை மொத்தமாக விற்பனைக்கு வருகின்றன. உதிரிபாகம் கிடைக்காது, வெளித்தோற்றம் தேய்ந்திருக்கும். அதனால் விலை குறைகிறது. அமெரிக்காவில் 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்றே ஒரு கூட்டரசு உரிமம் உண்டு. மூன்று ஆண்டுக்கு 30 டாலர் கட்டணம். சாதாரணச் சம்பளக்காரரும் அங்கே இதைச் செய்ய முடிவது இதனால்தான்.

எல்லா நாடும் அப்படியல்ல. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996-இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் பிரிட்டன் 1997-இல் தனியார் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்தது. இந்தியா 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஒரு நாட்டின் சட்டம் அந்த நாட்டின் அனுபவத்திலிருந்து வருகிறது. நம் நாட்டின் அனுபவத்தில் பேராக்கின் பங்கு மிகப் பெரியது.

சுங்கை சிப்புட்டில் தொடங்கியது

ஜப்பானியர் ஆட்சியில் காட்டுக்குள் இருந்த எதிர்ப்புப் படைக்கு நேசநாடுகள் ஆயுதம் அனுப்பின. போர் முடிந்தபோது எல்லா ஆயுதமும் திரும்பி வரவில்லை.

1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்தின் துரை ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இரு வெள்ளைக்காரர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாள்களில் அவசரகாலம் நாடு முழுமைக்கும் வந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. சிறப்புக் காவலர்கள் காவல் நின்றார்கள். பால்வெட்டப் போனவர் சோற்றுப் பொட்டலத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை என்ற விதியும் 1948-இலேயே வந்தது. அது எவ்வளவு கடுமையானது என்பதைத் தமிழர்கள் மறக்க முடியாது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949-இல் ஒரே ஒரு ரிவால்வருடன் பிடிபட்டார். அதைப் போலீசில் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு தலையிட்டும் பலனில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசலாம். ஆனால் அவர் உயிரைப் பறித்த குற்றச்சாட்டு, கையில் துப்பாக்கி இருந்தது என்பதுதான்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. துப்பாக்கி பற்றிய அச்சம் அதோடு முடியவில்லை. 2000 ஜூலையில் அல்-மவுனா கும்பல் கிரிக் வட்டாரத்து இராணுவ முகாமில் ஆயுதங்களைக் கொள்ளையிட்டு, சாவுக் பக்கம் மலையில் பதுங்கியது. அதன் பிடியில் சிக்கிக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் நம்மவரான போலீஸ்காரர் ஆர். சகாதேவன்.

இன்றைய சட்டம் சொல்வது

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். மாநிலப் போலீஸ் தலைவர் மனம் வைத்தால்தான் அது கிடைக்கும். பயிரைக் காக்க, உயிரைக் காக்க என்று தக்க காரணம் காட்ட வேண்டும். "அழகாக இருக்கிறது, சேர்த்து வைக்கிறேன்" என்பது சாதாரணக் குடிமகனுக்குக் கைகொடுக்கும் காரணமல்ல. உரிமம் இல்லாவிட்டால் இந்தச் சட்டத்திலேயே ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

அதற்கு மேல் 1971-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. சட்டவிரோதமாக இரண்டுக்கு மேல் துப்பாக்கி வைத்திருந்தால், அவர் ஆயுதம் கடத்துகிறார் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில். முன்பு இதற்கு மரண தண்டனை வரை போகலாம். 2023 சீர்திருத்தத்துக்குப் பிறகு 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும். மற்ற பொருளில் மூன்று சேர்ந்தால் அது சேகரிப்பின் தொடக்கம். துப்பாக்கியில் மூன்று சேர்ந்தால் வாழ்க்கையே முடிந்துவிடும்.

"துருப்பிடித்த துப்பாக்கிதானே, சுடாதே" என்று சிலர் கேட்கலாம். துப்பாக்கியின் ஒரு பாகத்தையும் சட்டம் ஆயுதமாகவே கருதுகிறது. "அப்படியானால் அசல் போலவே இருக்கும் பொம்மை?" என்று வேறு சிலர் கேட்கலாம். போலித் துப்பாக்கிக்கும் ஆயுதச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு உண்டு. ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று மகன் வரவழைத்துவிட்டால், வீட்டு வாசலுக்குப் போலீஸ் வரலாம்.

பழைய பெட்டியில் கிடைத்தால்?

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. பழைய வீட்டை இடிக்கும்போதோ, மண்ணைத் தோண்டும்போதோ, காலஞ்சென்ற பெரியவரின் பெட்டியைத் திறக்கும்போதோ ஒரு துப்பாக்கி கண்ணில் படலாம். உரிமம் அவர் பெயரில் இருந்திருந்தாலும் அது சொத்தோடு பிள்ளைக்கு வந்து சேராது.

அப்போது செய்ய வேண்டியது எளிது. தொடக்கூடாது. துடைத்துப் பார்க்கக்கூடாது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பக்கூடாது. முக்கியமாக, காரில் வைத்து நிலையத்துக்கு எடுத்துப் போகக்கூடாது. "ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன்" என்று வழியில் பிடிபட்டவர் சொன்னால், அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கணபதி வழக்கே சாட்சி. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 999-ஐ அழைக்க வேண்டும். போலீஸ் வந்து எடுத்துக்கொள்ளும். அழைத்த நேரத்தையும் வந்த அதிகாரியின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் எதைச் சேர்ப்பது?

துப்பாக்கியின் மேல் ஆர்வம் உள்ளவருக்கு உண்மையில் பிடித்திருப்பது பெரும்பாலும் அதன் வரலாறு. அதைச் சேர்க்க எந்த உரிமமும் வேண்டாம். அவசரகாலத்துப் பத்திரிகைகள், தோட்டத்துப் புகைப்படங்கள், சிறப்புக் காவலர்களின் பழைய சின்னங்கள், செக்ரோல் புத்தகம், பால்வெட்டும் உளி, மங்கு ஆகியவை இன்னும் பழம்பொருள் கடைகளில் தலைகாட்டுகின்றன. ஆயுதங்களை நேரில் பார்க்க விரும்பினால் கோலாலம்பூரில் போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் தைப்பிங்கில் இருக்கிறது. சுட்டுப் பழக ஆசையென்றால் அனுமதி பெற்ற சங்கங்கள் உள்ளன.

எல்லாவற்றையும் விட அருமையானது ஒன்று உண்டு. முள்வேலிக்குள் வாழ்ந்து, பெரட்டுக் களத்தில் சோதனைக்கு நின்ற தலைமுறையில் இன்று சிலரே எஞ்சியிருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டிலோ சிம்மோரிலோ உள்ள தாத்தா பாட்டியிடம் ஒரு மாலை உட்கார்ந்து, அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வைக்கலாம். அதற்குக் காசு வேண்டாம். ஆனால் அவர்கள் போய்விட்டால் எந்தச் சந்தையிலும் அது விலைக்குக் கிடைக்காது.