பிரேக்கருக்கு ஏன் இரண்டு பிட்?

நூற்பாலை ஒன்றின் மின்பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: பாதுகாப்பு ரிலேயின் முகப்பில் 412 ஆம்பியர் என்று சரியாகத் தெரிகிறது. அதே ரிலேயிலிருந்து மோட்பஸ் வழியாகக் கணினித் திரைக்கு வரும்போது 2,70,00,832 ஆகிவிடுகிறது. ரிலே பழுதா?

ரிலேயில் பழுதில்லை. 412-ஐ 65,536-ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்தப் பெரிய எண் அப்படியே வரும். 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு நெறிமுறையில் தகவல் உட்காரும் இடத்துக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். ஒவ்வொன்றிலும் 16 பிட்தான் கொள்ளும். 32 பிட் எண்ணுக்கு அடுத்தடுத்து இரண்டு ரிஜிஸ்டர் தேவை. எது மேல்பாதி, எது கீழ்ப்பாதி என்று மோட்பஸ் விதிப்பதில்லை. ரிலே தயாரிப்பவர் வைத்ததே வரிசை. கணினியில் அந்த வரிசையைத் திருப்பி அமைத்தால் 412 வந்துவிடும். கையேட்டில் 40001 என்றிருக்கும் ரிஜிஸ்டருக்குக் கம்பியில் போகும் முகவரி 0 என்பதையும் கவனியுங்கள். ஒரே ரிஜிஸ்டரில் அடங்கும் எண்களை ஒன்று தள்ளிப் படித்தால் ஆர் ஃபேஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒய் ஃபேஸ் வந்து நிற்கும்.

என் அம்மாவின் சமையலறை அலமாரியில் எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்கள். எதிலும் பெயர் இருக்காது. மூன்றாவது வரிசையில் இரண்டாவது துவரம்பருப்பு என்பது அம்மாவுக்குத் தெரியும்; ஊரிலிருந்து வரும் சித்தி ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்கவேண்டும். மோட்பஸ் ரிலேயும் அப்படித்தான். ரிஜிஸ்டர் பட்டியல் கையில் இல்லாதவருக்கு அது வெறும் எண்குவியல்.

2000-களின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக வெளிவந்த ஐஈசி 61850 என்ற தரநிலை இதை மாற்றியது. அங்கே தகவலுக்கு எண் போய்ப் பெயர் வந்தது. பிரேக்கர் என்றால் எக்ஸ்சிபிஆர், நேரத்தாமத ஓவர்கரன்ட் பாதுகாப்பு என்றால் பிடிஓசி. எந்த நிறுவனத்தின் ரிலேயானாலும் அதே பெயர். பிரேக்கரின் கீழே அதன் நிலை, நிலையின் கீழே மூன்று விவரங்கள்: மதிப்பு, அந்த மதிப்பை நம்பலாமா என்ற தரக்குறி, அது மாறிய நேரம்.

என்னை மிகவும் கவர்வது அந்த மதிப்புதான். பிரேக்கர் ஒன்று திறந்திருக்கும், இல்லையேல் மூடியிருக்கும். ஒரு பிட் போதுமே என்று தோன்றும். ஆனால் தருவது இரண்டு பிட். பிரேக்கரோடு சேர்ந்து அசையும் துணைத் தொடர்புகளில் ஒன்று பிரேக்கர் மூடும்போது மூடும், மற்றொன்று பிரேக்கர் திறக்கும்போது மூடும். ரிலேகாரர்கள் 52ஏ, 52பி என்பார்கள். ரிலே இரண்டையும் படிக்கிறது. 10 என்றால் மூடியிருக்கிறது, 01 என்றால் திறந்திருக்கிறது. 00 என்றால் நடுவழியில் இருக்கிறது. பிரேக்கர் அசையும் அந்தச் சில மில்லிவினாடிகளில் இது இயல்பு, அதையும் தாண்டி நீடித்தால் எங்கோ சிக்கல். 11 வரவே கூடாது. வந்தால் வயரிங்கிலோ தொடர்பிலோ கோளாறு.

ஒரே பிட் மட்டும் இருந்தால்? பிரேக்கர் மூடியிருக்கும்போது 52ஏ கம்பி கழன்றால் பிட் 0 ஆகும், திரை ‘திறந்திருக்கிறது’ என்று காட்டும். லைனில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பிட் இருந்தால் அதே கோளாறு 00 என்று தெரிந்துவிடும். ஒரு பிட் கூடுதலாகச் செலவழித்து, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் வழியையும் கருவிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிட நேர்மையான வடிவமைப்பை நான் அதிகம் கண்டதில்லை.

இதைப் பல இடங்களில் நாமே தூக்கியெறிகிறோம் என்பதுதான் வருத்தம். ரிலே 61850-இல் பேசும். பழைய திரைக்கோ மோட்பஸ்தான் புரியும். நடுவில் ஒரு கேட்வே வைத்து, நான்கு நிலையையும் ஒற்றைப் பிட்டாக நசுக்கி அனுப்புவார்கள். தரக்குறியையும் நேரத்தையும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். வேலை முடிந்த பிறகு எந்த ரிஜிஸ்டரில் எது என்ற பட்டியலும் ஒப்பந்தக்காரரின் மடிக்கணினியோடு போய்விடும். அந்தப் பட்டியலை அச்சிட்டு பேனல் கதவின் உட்புறம் வைத்துவிட்டுப் போகச் சொல்வது உரிமையாளரின் பொறுப்பு. கட்டணத்தின் கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

சோதனையும் அரைகுறையாகவே நடக்கிறது. பிரேக்கரைத் திறந்து மூடி, திரையில் நிறம் மாறியதும் கையெழுத்துப் போடுகிறார்கள். பிரேக்கரை டெஸ்ட் நிலைக்கு இழுத்து, மூடிவைத்து, டெர்மினலில் 52ஏ கம்பியைக் கழற்றிப் பாருங்கள். திரை ‘திறந்திருக்கிறது’ என்று சொன்னால் அந்த கேட்வேயை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.