பரண் மேல் கம்ப்யூட்டர், அதற்குள் பழைய கணக்கு

பழைய பேரேட்டைத் தூசி தட்டிப் பிரித்தால் கணக்கு உடனே கண்ணில் படும். அதற்கு மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். 1990களில் நம் கடைகளில் பேரேட்டின் இடத்தைப் பிடித்த கம்ப்யூட்டர் அப்படிப்பட்டதல்ல. இருபது ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டியை இறக்கிச் சுவிட்சைப் போட்டவுடன் அது கணக்கை ஒப்பித்துவிடும் என்று நம்பும் வணிக நண்பர்கள் ஏமாந்து போகிறார்கள். ஏன் ஏமாறுகிறார்கள், ஏமாறாமல் இருக்க என்ன வழி என்பதைப் பார்ப்போம்.

நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்ததில் வியப்பில்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோடு அங்கே இருக்கிறது. டாலி கணக்கு மென்பொருளும் 1986இல் பெங்களூரில் தொடங்கிய பியூட்ரானிக்ஸ் நிறுவனத்தின் படைப்புதான். சிப்காட் வளர வளர இங்கே பில்லும் சலானும் பெருகின. மளிகைக் கடையானாலும் புளி மண்டியானாலும், அத்திப்பள்ளியைத் தாண்டிச் சரக்கு போனால் மத்திய விற்பனை வரி, சி பாரம் என்று தனிக் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. கையால் எழுதி மாளாதவர்கள் கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.

பழைய கணக்கு இப்போது எதற்கு?

விற்பனை வரி போய் 2007 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதுவும் போய் 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. இன்னும் ஏன் பழைய குப்பை என்று கேட்கலாம். ஆனால் பழைய வரி வழக்குகள் சட்டம் மாறியதோடு செத்துவிடவில்லை. 2023 அக்டோபரில் தமிழக அரசு பழைய வரி நிலுவைகளுக்குச் சமாதானத் திட்டம் அறிவித்ததே அதற்குச் சாட்சி. எந்த ஆண்டில் எந்தப் பில்லுக்குச் சி பாரம் வந்தது என்று காட்ட முடிந்தவர் வாதாடலாம். காட்ட முடியாதவர் கேட்ட தொகையைக் கட்டவேண்டியதுதான்.

வரி மட்டுமா? பங்காளிகள் பிரியும்போதும், தகப்பனார் காலத்துக் கொடுக்கல் வாங்கலில் பேச்சு வரும்போதும் பழைய கணக்கைத்தான் தேடுகிறோம். ஆகவே பரணில் கிடக்கும் பெட்டியை வெறும் இரும்பு என்று எண்ணிவிடக் கூடாது.

அவசரப்பட்டுச் சுவிட்ச் போடாதீர்கள்

முதல் தொல்லை மின்சாரம். பழைய கம்ப்யூட்டரின் பின்புறம் பவர் சப்ளையில் 115, 230 என்று மாற்றும் சிறு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். யாரோ விளையாட்டாக அதை 115 பக்கம் தள்ளியிருந்தால், நம் ஊர் மின்சாரம் பாய்ந்தவுடன் பவர் சப்ளை வெடித்துவிடும். அது சரியாக இருந்தாலும், உள்ளே உள்ள கப்பாசிட்டர்கள் வயதானால் கெட்டுப்போகும். தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது. 2000ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட பல போர்டுகளில் இந்தக் கோளாறு அதிகம்.

இரண்டாவது தொல்லை பாட்டரி. 386, 486 காலத்துப் போர்டுகள் பலவற்றில் சிறு பீப்பாய் போன்ற பாட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்து, போர்டில் உள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சைப் பூசணம் பிடித்ததுபோல் தெரிந்தால் காரணம் இதுதான். பிற்காலத்துப் போர்டுகளில் காசு வடிவப் பாட்டரி உண்டு. சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பாட்டரி செத்திருந்தால் தேதி பெரும்பாலும் 1980 ஜனவரிக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் எந்த வகை என்பதுகூடக் கம்ப்யூட்டருக்கு மறந்துவிடும். மிகப் பழைய பெட்டியானால், டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து எண்களை நாமே தட்டிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள்.

மானிட்டர், கீபோர்டு தொல்லை தனி. ஒன்பது ஊசி மானிட்டருக்கான பெட்டியில் பதினைந்து ஊசி மானிட்டர் பொருந்தாது. ஐந்து ஊசி உருண்டை பிளக் கீபோர்டு இப்போது கடையில் இல்லை. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டரின் மூடியை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கடைக் கம்ப்யூட்டருக்கு முன்பே வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் இதே கதிதான். 1984இல் மத்திய அரசின் பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ என்ற பெட்டியைப் பல பள்ளிகளுக்கு வழங்கினார்கள். பாட்டு கேட்கும் கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றி, டி.வி.யில் பார்க்கும் வகை அது. இன்று அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டு இயக்குபவர்கள் பலருக்கு முதலில் கிடைப்பது பவர் சப்ளையிலிருந்து கிளம்பும் புகைதான். அதற்கும் வயதான கப்பாசிட்டரே காரணம்.

பிளாப்பியும் பூட்டும்

கணக்கைப் பிளாப்பியில் எடுத்து வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. பெரிய பிளாப்பி ஐந்தேகால் அங்குலம், சிறியது மூன்றரை அங்குலம். சிறியதைப் படிக்க யு.எஸ்.பி. டிரைவ் வாங்கலாம். பெரியதற்குப் பழைய டிரைவையே தேட வேண்டும். மழைக்கால ஈரத்தில் பிளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்ட ஒன்றைச் செருகினால் டிரைவின் ஹெட் அழுக்காகி, அடுத்துச் செருகும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். ஒரு கூடை தக்காளியில் ஓர் அழுகல் செய்யும் வேலையை இங்கே ஒரு பிளாப்பி செய்கிறது. வெளிச்சத்தில் பார்த்து, புள்ளி விழுந்ததை ஒதுக்கிவிட்டு மற்றதைப் படியுங்கள். சோனி நிறுவனம் 2011இலேயே பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. ஆகவே புதுப் பிளாப்பிக்கு நகல் எடுத்து வைப்பதும் வழியல்ல.

அடுத்தது பூட்டு. அந்தக் காலத்துக் கணக்குப் புரோகிராம்கள் சில, பிரிண்டர் செருகும் இடத்தில் ஒரு சிறு கட்டையைப் பொருத்தினால்தான் திறக்கும். கட்டை தொலைந்தால் சாவி தொலைந்த மாதிரி. பெட்டியை ஒழித்துக் கட்டும்போது பின்னால் செருகியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. முதலில் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

சரியான வழி எது?

பெட்டியை உயிர்ப்பிப்பது நம் வேலையல்ல, கணக்கை எடுப்பதே நம் வேலை. இதை மனத்தில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். நாற்பது ஊசி டிஸ்க்கானால், அதை யு.எஸ்.பி.யில் இணைக்கும் சிறு கருவி கிடைக்கிறது. 1980களின் டிஸ்க், 1990களின் தொடக்கத்து டிஸ்க் ஆகியவற்றில் சில இதற்கு ஒத்துவராது. அவற்றுக்குப் பழைய பெட்டியே கதி. முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை பாருங்கள். மூலத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது.

உள்ளூர்க்காரர் டிபேஸ், பாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில் புரோகிராமானால் நல்ல காலம். அதன் கணக்குகள் டி.பி.எஃப். என்று முடியும் கோப்புகளில் இருக்கும். லிபர் ஆபீஸ் என்ற இலவச மென்பொருளிலேயே அவற்றைத் திறந்து பார்க்கலாம். டாஸ் புரோகிராம் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓடும். டாலி கணக்கானால் பழைய பதிப்பிலிருந்து படிப்படியாகப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்திருந்தால் இப்போது புரியாத குறிகளாகத் தெரியும். அன்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்ததுதான் காரணம். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கை எடுத்த பிறகு பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். அதில் இருப்பது நம் கணக்கு மட்டுமல்ல, நம்மை நம்பிக் கடன் வாங்கியவர்களின் பெயரும் முகவரியும். கம்பியிலிருந்து செம்பு எடுக்க எரிப்பதும், ஈயம் கலந்த மானிட்டர் கண்ணாடியைக் குப்பையில் உடைப்பதும் ஊருக்கே கேடு. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

இன்றைய கம்ப்யூட்டரும் நாளை பரணுக்குத்தான் போகும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். அப்பீல் நடந்தால் இன்னும் கூடும். ஆகவே மார்ச் முடிந்து புதுக்கணக்கு போடும்போது, பேரேட்டையும் நிலுவைப் பட்டியலையும் தாளில் அச்சிட்டுப் பைண்டு செய்யுங்கள். இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். சென்ற ஆண்டு எடுத்த நகல் திறக்கிறதா என்று அன்றைக்கே ஒரு முறை திறந்து பாருங்கள். அரை நாள் வேலைதான். நோட்டீஸ் வந்த பிறகு மெக்கானிக்கைத் தேடி எஸ்.பி. ரோட்டுக்கு அலைவதைவிட இது மேல் அல்லவா?