லேப் நோட்டில் ஒயிட்னர் ஏன் கூடாது? திருமலை கல்வெட்டு முதல் ராமன் விளைவு வரை

"எனக்கு 18.6 வந்துச்சு, பக்கத்து டேபிள்ல 18.2. நானும் 18.2-ன்னே போட்டுக்கவா?" பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. போட்டுக்கொண்டால் மார்க் வரலாம். ஆனால் 18.6 ஏன் வந்தது என்பது கடைசி வரை தெரியாது.

நல்ல பதிவு என்றால் என்ன?

ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் இருக்கிறது திருமலை சமணத் தலம். இங்குள்ள ராஜேந்திர சோழனின் 13-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, மன்னனின் வெற்றிகளைச் சொல்லிவிட்டு, ஒரு வணிகரின் மனைவியான சாமுண்டப்பை குந்தவை ஜினாலயத்துக்குத் தந்த கொடையையும் பதிவு செய்கிறது. எப்போது, யார், எதற்கு என்ற விவரம் இருப்பதால்தான் சுமார் 1,000 ஆண்டுகள் கழித்தும் அது சான்றாக நிற்கிறது. லேப் நோட்டும் அப்படித்தான். எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும் அது பேசணும்.

ரெக்கார்டு இருக்கே, போதாதா?

போதாது. ரெக்கார்டு நோட்டு வீட்டில் உட்கார்ந்து அழகாக எழுதும் பிரதி. உண்மையான ஆவணம், லேபில் நின்றபடி எழுதும் அப்சர்வேஷன் நோட்டுதான்.

எப்படித் தயார் செய்வது?

* தைத்த நோட்டு வாங்குங்கள். தனித்தாள் தொலைந்துவிடும்.
* எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். முதல் 2 பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள்.
* ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, நோக்கம், கூட இருந்தவர் பெயர், கரைசலின் செறிவு, கருவியின் மீச்சிற்றளவு (ஸ்க்ரூ கேஜ் என்றால் பொதுவாக 0.01 மி.மீ.) வேண்டும்.
* ரீடிங்கைப் பார்த்த உடனே, அலகோடு, பேனாவில் எழுதுங்கள். உள்ளங்கையில் குறித்துவைத்துப் பிறகு எழுதுவது வேண்டாம்.

தப்பாகிவிட்டால்?

ஒரே கோடு போட்டு அடியுங்கள். அடியில் இருப்பது படிக்கத் தெரியணும். பக்கத்தில் காரணம்: "பியூரெட் முனையில் காற்றுக் குமிழ்". குமிழை நீக்கிவிட்டு மறுபடி செய்து 18.2, 18.2 என வந்தால், அந்த 18.6 தோல்வி அல்ல, நீங்கள் கற்ற பாடம். மருந்து நிறுவன லேப்களிலும் இதே விதிதான். அங்கே ஒயிட்னருக்கு இடமே இல்லை.

எவ்வளவு விவரம் எழுதணும்?

ஆரணிப் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதை ப்ராஜெக்டாக எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "கொஞ்சம் சாயம், சுடுதண்ணி" என்று எழுதினால் அடுத்த முறை அதே நிறம் கிடைக்காது. நூல் எத்தனை கிராம், சாயம் எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை லிட்டர், என்ன வெப்பநிலை, எத்தனை நிமிடம் என இவ்வளவும் வேண்டும்.

இதனால் என்ன லாபம்?

1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் சி.வி.ராமனுடன் வேலை செய்த கே.எஸ்.கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்தவர். அந்த நாள்களில் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைத் தேதிவாரியாக டைரியில் எழுதினார். கண்டுபிடிப்பை அறிவித்த முதல் கட்டுரை இருவர் பெயரில் 'நேச்சர்' இதழில் வந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பில் யார், எந்த நாளில், என்ன செய்தார்கள் என்று இன்றும் ஆராய்பவர்கள் தேடிப்போவது அந்த டைரியைத்தான்.

அதனால் அடுத்த பிராக்டிகலில் 18.6 வந்தால், 18.6 என்றே எழுதுங்க.